சிவப்பு நட்சத்திரவியல்: செங்கல்பட்டு வட்டாரச் செஸ் பதிவுப் படிவங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

மாமல்லபுரத்துக் கல்லைப் பற்றி எழுதாத பல்கலைக்கழகம் இல்லை. அதே மாமல்லபுரத்து வாட்ஸ்அப் குரூப்புகளில் வாரந்தோறும் வந்து விழும் கூகுள் ஃபார்ம்களைப் பற்றி ஒரு எம்.ஃபில். ஏடுகூட எழுந்ததாகத் தெரியவில்லை. அந்தக் குறையைப் போக்கவே இக்கட்டுரை. ஆய்வு எல்லை: வடக்கே தாம்பரம், தெற்கே செய்யூர், கிழக்கே கடல், மேற்கே சிக்னல் கிடைக்கும் வரை. ஆய்வுப் பொருள்: ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண மண்டபங்களில் நடக்கும் குழந்தைகள் செஸ் போட்டிகளுக்கான பதிவுப் படிவம்.

படிவமாவது பங்கேற்பாளர் நிரப்புவது என்பர் ஒரு சாரார். அது பொருந்தாது. படிவமாவது அமைப்பாளர் தாமே தயாரித்து, தாமே ஊருக்கெல்லாம் அனுப்பி, கடைசியில் தாமே நிரப்புவது என்க.

முன்னோரைச் சொல்லாமல் மேலே போனால் நெறியாளர் கோபித்துக்கொள்வார். ஆகவே உத்திரமேரூர். பழைய செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்து இப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கும் அவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்தில், 919ஆம் ஆண்டு ஊர்ச் சபைத் தேர்தல் விதிகளை வெட்டினார்கள். இரண்டே ஆண்டில், 921இல், திருத்திய பதிப்பும் வந்துவிட்டது. கல்லில் வெட்டியதையே திருத்த வேண்டியிருந்தது என்பதை, வெள்ளிக்கிழமை ராத்திரி படிவத்தைத் திருத்திக்கொண்டிருக்கும் அன்பர்கள் ஆறுதலாகக் கொள்ளலாம். விதிகள் கறாரானவை. வயது 35க்கு மேல், 70க்குக் கீழ். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல். சொந்த மனையில் வீடு. முன்பு வாரியத்தில், அதாவது சபையின் குழுவில், இருந்து கணக்குக் காட்டாதவர் கூடாது. அவருடைய சொந்தபந்தமும் கூடாது. ஊரின் முப்பது பிரிவான முப்பது குடும்பிலிருந்தும் ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள்.

இதில் ஆய்வாளர் கவனிக்க வேண்டியது, கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வேலை இருந்தது. ‘இத்தேர்தலைப் பற்றி எவ்வாறு அறிந்தீர்கள்?’ என்று சபையார் கேட்கவில்லை. நம் படிவங்களிலோ அந்தக் கேள்விக்கும் ‘கட்டாயம்’ என்னும் சிவப்பு நட்சத்திரம். அதற்கு வரும் பதிலை இன்றுவரை எவரும் படித்ததில்லை.

இனிப் படிவத்தின் உறுப்புகள்.

முதல் உறுப்பு, பெயர். வெளிநாட்டு மாதிரியைப் பார்த்துச் செய்த படிவம் பெயரை இரண்டாகக் கேட்கும், இரண்டுக்கும் நட்சத்திரம். தகப்பன் பெயரின் முதலெழுத்தைத் தவிர வேறு குடும்பப் பெயர் அறியாத நம் மக்கள் இரண்டாம் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு நகர்வார்கள். இதனால் பல குழந்தைகள் ஒரே புள்ளி வம்சத்தவராகப் பட்டியலில் இடம்பெறுகிறார்கள்.

இரண்டாம் உறுப்பு, ஊர். இதைத் திறந்த கட்டமாக விட்டவர் பட்டபாடு தனி. செங்கல்பட்டு, செங்கை, சிங்கிள்புட், ரயில்வேக்காரர் வீட்டுப் பிள்ளையானால் சிஜிஎல் என்று ஓரூர் நாலாகும். மகாபலிபுரம், மாமல்லை, மகாப்ஸ் ஆகியவை வேறு. சரி, மாவட்டத்தின் எட்டு வட்டங்களையும் பட்டியலாகக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம் என்றால், மாமல்லபுரத்துக்காரருக்குத் தாம் திருக்கழுக்குன்றம் வட்டம் என்பது அன்றுதான் தெரியவரும். தாம்பரத்துக்காரர் சென்னையைத் தேடுவார். 2019 நவம்பர் 29 முதல் அவர் செங்கல்பட்டு மாவட்டத்தவர். ஆனால் 600045 என்று சென்னைப் பின்கோடு கொடுத்து அஞ்சல் துறை இன்னமும் அவர் கட்சியிலேயே நிற்கிறது. அவர் ‘மற்றவை’யைத் தொட்டுவிட்டுப் போவார்.

மூன்றாவது, பிறந்த தேதி. தேதிக் கட்டத்தைத் தொட்டதும் நடப்பு மாதக் காலண்டர் விரியும். நாளும் மாதமும் ஒழுங்காகப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர் ஆண்டை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஒன்பது வயதுக்குட்பட்டோர் பிரிவில், தலை நிற்காத சிசுக்கள் ஆண்டுதோறும் களமிறங்குவது இவ்வாறுதான்.

நான்காவது, கட்டணம். பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட்டைப் படிவத்திலேயே ஏற்றச் சொன்னால் கூகுள் கணக்கில் நுழையச் சொல்லும். பாஸ்வேர்டு தெரிந்த மகன் டியூஷனில் இருப்பான். ஆகவே யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க யுடிஆர் எண்ணைக் கேட்பதே அறிஞர் வழக்கம். பத்து இலக்கச் செல்பேசி எண்ணை எழுதி, போதவில்லை என்று முன்னால் 91 சேர்த்துப் பன்னிரண்டாக்கித் தந்த மேதைமையை, இலக்கத்தை மட்டும் எண்ணும் சரிபார்ப்பு விதியால் தடுக்க முடியாது.

பதில்களின் சுருக்கத்தை எல்லோருக்கும் காட்டும் அமைப்பு ஒன்று உண்டு. அதைத் தெரியாமல் திறந்துவைத்தால், நிரப்பும் ஒவ்வொருவரும் மற்றவர் வீட்டுக் குழந்தையின் பிறந்த நாளையும் அப்பாவின் எண்ணையும் பார்ப்பார்கள். 2023இல் தனிநபர் தரவுக்கென்று சட்டமே வந்துவிட்டது. இந்த இடத்தில் வேடிக்கை வேண்டாம்; மூடிவிடுங்கள்.

இப்போது ஆய்வின் நடுநாயகமான சனிக்கிழமை மாலை ஆறு மணி. பதில் ஏற்கும் பொத்தானை அமைப்பாளர் அணைக்கிறார். ஆறு மூன்றுக்குப் போன்.

“சார், லிங்க் ஓப்பன் ஆகல சார்.”

“க்ளோஸ் பண்ணியாச்சே சார். நாலு நாளா குரூப்ல இருந்துச்சு.”

“நான் இப்பதான் பாத்தேன். டிரெயின்ல இருக்கேன், மறைமலை நகர் தாண்டுது. பையன் பேரு சாய். நீங்களே போட்டுடுங்க சார்.”

“முழுப் பேர்?”

“சாய்தான்... இருங்க, ஸ்கூல்ல வேற பேரு. அவங்கம்மாவ லைன்ல போடறேன்.”

அமைப்பாளர் பொத்தானைத் திரும்பத் திறக்கிறார், தாமே நிரப்புகிறார், மூடுகிறார். ஆறு பத்துக்கு அடுத்த போன். ‘நீங்களே போட்டுடுங்க சார்’ என்னும் மகாவாக்கியத்தின் மீதுதான் நம் வட்டாரப் பதிவுமுறை முழுதும் நிற்கிறது. ராத்திரி பட்டியலை ஸ்விஸ்-மேனேஜர் மென்பொருளில் ஏற்றி, செஸ்-ரிசல்ட்ஸ் தளத்தில் வெளியிட்ட பின்னும் எண்ணிக்கை ஒற்றைப்படையாக நிற்கும். ஒற்றையாக மிஞ்சும் பிள்ளைக்கு ‘பை’. ஆடாமலே ஒரு பாயிண்ட். காலையில் எழுந்து குளித்துக் கிளம்பி வந்த பிள்ளை அதைப் பெருமையாக நினைப்பதில்லை, அழுகிறது. அதற்காக உதவிக்கு வந்தவர் மகனை உட்கார வைத்து இரட்டையாக்குவதும் உண்டு.

இதை நம் ஊர்க் குறைபாடு என்று சிலர் எள்ளக்கூடும். அவர்கள் மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரிக்கு வரட்டும். 2022 ஜூலை, ஆகஸ்டில் அங்கேதான் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. உக்ரைன்மேல் படையெடுத்ததால் ரஷ்யாவிடமிருந்து பறித்து இங்கே கொடுத்த போட்டி. பொதுப் பிரிவில் 186 நாடுகள். போட்டி நடத்தும் நாடு இரண்டாவது அணியும் இறக்கலாம் என்பது விதி, சேர்த்தால் 187. ஒற்றைப்படை. மொத்தம் ஒற்றையாக நின்றால் மூன்றாவது அணியையும் இறக்கிக்கொள்ளலாம். ஆக 188. மகளிர் பிரிவிலும் இதே கணக்கு: 160 நாடுகள், 162 அணிகள். மறைமலை நகர் தாண்டிய அப்பா சொன்னதும் உலகச் செஸ் சம்மேளனத்தின் விதி சொல்வதும் ஒன்றுதான்.

அமைப்பாளர் தாமே போட்டுக்கொள்ளும் என்ட்ரி தரத்தில் மட்டமானது என்ற வாதத்துக்கும் பூஞ்சேரியிலேயே விடை இருக்கிறது. குகேஷும் பிரக்ஞானந்தாவும் அதிபனும் ஆடிய இந்தியாவின் இரண்டாவது அணி வெண்கலம் வென்றது. எல்லா நாடுகளையும்போல முறைப்படி பதிவான முதல் அணிக்கு நான்காவது இடம்.