கழியாத கிலோக்கள்

சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டங்களில் தராசுக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. எவ்வளவு கொழுந்தைக் கொண்டுவந்து தொங்கவிட்டாலும், சாக்கின் பாரத்துக்கென்று இவ்வளவு, மழைத் தண்ணீருக்கென்று இவ்வளவு, முற்றல் இலைக்கென்று இவ்வளவு என்று கழித்த பிறகே அதன் கணக்கு ஏட்டில் ஏறும். அந்தக் கழிவினாலே முழுநாட் கூலியான முழுப்பேர் அரைப்பேராகிப்போன அக்காமார் மடுவத்து வாசலில் நின்று வழங்கும் ஆசீர்வாதங்களை அச்சிலேற்றுவது நாகரிகமன்று. கழிப்பதையே தர்மமாகக் கொண்ட தராசுகள் நிறைந்த இப்பிரதேசத்தில், பிரசவத்துக்குப் பின் என் சரீரத்தை நிறுத்த கிளினிக் தராசு ஒன்று மாத்திரம் அரை இறாத்தலைக்கூடத் தள்ளுபடி செய்யாமல், அரிச்சந்திரனுக்குச் சத்தியம் செய்து கொடுத்ததுபோல் உள்ளதை உள்ளபடியே உரைத்தது என் ஜாதக விசேஷமென்றுதான் சொல்லவேண்டும்.

எட்டியாந்தோட்டைக்கு மேலே, றப்பரும் தேயிலையும் பாகப்பிரிவினை செய்துகொண்ட ஒரு மலைச்சரிவில், தோட்டப் பாடசாலை ஆசிரியையாக இருக்கிறேன். தாய் உண்பது அனைத்தும் மீதியின்றிப் பாலாகிவிடும் என்பது என் அத்தையின் சித்தாந்தம். ஆகையால் விடியற்காலையிலே நல்லெண்ணெயில் மிதக்கும் பூண்டும் காயமும், அதன்பின் தேங்காய்ப்பூ தாராளமாகச் சேர்த்துப் பிசைந்த கோதுமை ரொட்டியும் கட்டச்சம்பலும், மத்தியானத்தில் நெத்தலிக் கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும், நடுநடுவே கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கும் பிளேன்டீயுமாக என் ஆகார வைபவம் அந்தி வரையில் நடைபெறும். போதும் என்று நான் கையெடுத்தால், "ஒனக்குப் போதும் புள்ள, புள்ளைக்குப் பத்தாதே" என்று இன்னொரு ரொட்டி தட்டில் விழும். இந்த வாதத்துக்கு எதிர்வாதம் இதுவரை எந்தத் தர்க்க சாஸ்திரத்திலும் எழுதப்படவில்லை.

இந்நிலையில்தான் கலோரிக் கணக்கை நான் சரணடைந்தேன். அமெரிக்காவில் ஆட்வாட்டர் என்ற பண்டிதர் 1890களில் செப்புத் தகடு பொருத்திய ஓர் அறைக்குள் மனிதரை நாட்கணக்கில் அடைத்து வைத்து, அவர் தின்றதற்கும் அவர் தேகம் வெளிவிட்ட உஷ்ணத்துக்கும் கணக்கெடுத்தாராம். தலைச்சன் பிள்ளை பெற்றவளையும் அவள் மாமியாரையும் அவர் அந்த அறையில் சேர்த்து அடைத்திருந்தால் உஷ்ணத்தின் அளவு வேறாக இருந்திருக்கும் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். பிறகு 1918இல் லுலு ஹன்ட் பீற்றர்ஸ் என்ற பெண் வைத்தியர் ஒரு புத்தகம் எழுதி, இனிமேல் ஒரு துண்டு பாண் தின்றேன் என்னாமல் நூறு கலோரிப் பாண் தின்றேன் என்று சொல்லுங்கள் என உலகத்துக்குப் புதிய பாஷையைக் கற்பித்தார். அந்தப் பாஷையில் நான் அத்தையிடம், கோதுமை மா 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 கலோரி, துருவிய தேங்காயும் கிட்டத்தட்ட அப்படியே, ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் மாத்திரம் 120 என்று சிரத்தையாக விளக்கினேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அம்புட்டும் இருக்குல்ல, அப்ப நல்லாச் சாப்புடு" என்றார்.

செலவுப் பக்கத்தையும் பார்த்தேன். பால் மட்டுமே குடிக்கும் குழந்தை ஒரு நாளில் ஏறக்குறைய 750 மில்லிலீட்டர் குடிக்கிறது. அதில் இறங்கும் சத்து 500 கலோரி. பால் சுரக்கிற வேலைக்குரிய கூலியையும் சேர்த்தால் 600ஐத் தாண்டும். அதில் ஒரு பங்கைக் கர்ப்பகாலத்தில் இடுப்பிலும் தொடையிலும் சேமித்த கொழுப்பே கொடுத்துவிடுவதால், மிகுதிக்குத்தான் ஆகாரத்தில் 500 அளவு கூட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். இயற்கையானது பிரசவத்துக்கு முன்னமே வைப்பிலிட்டு, பின்னர் தவணை தவணையாக எடுத்துக் கொடுக்கும் இந்த ஏற்பாட்டில் எனக்குப் பூரண திருப்தியே. தவணை இன்னும் சற்றுப் பெரிதாக இருக்கலாகாதா என்பதுதான் விண்ணப்பம். அத்தையின் ஏற்பாட்டிலோ 500 என்பது காலை பத்து மணிக்குள் கூடிவிடுகிறது.

ஒருவேளை உபவாசம் இருந்தால் என்ன என்று அடுத்த லயத்தில் இருக்கும், றப்பர் மரத்தில் பால்வெட்டும் அக்காவிடம் பிரஸ்தாபித்தேன். அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "வெட்டுற மரம் பெருக்காது டீச்சர், சும்மா நிக்கிற மரந்தான் பெருக்கும். ஒங்கள வெட்டுறதுக்கு வீட்டுல ஒருத்தி பொறந்திருக்கா, பேசாம இருங்க" என்றார். றப்பர் சாஸ்திரமும் இதையே சொல்கிறது: பாலுக்குப் போகும் சத்து அடிமரத்தின் பருமனைக் குறைக்கிறது, ஆனால் பால் அதிகம் வேண்டுமென்று ஓய்வில்லாமல் வெட்டினால் பட்டை காய்ந்து மரம் பாலே தராது, அதனாற்றான் பல தோட்டங்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுகிறார்கள். 2000ஆம் ஆண்டில் வட கரோலினா ஆராய்ச்சியாளர்கள், பருமன் மிகுந்த 40 பாலூட்டும் தாய்மாரில் ஒரு பகுதியினரைத் தினசரி ஆகாரத்தில் 500 கலோரி குறைக்கவும், வாரத்தில் நான்கு நாள் முக்கால் மணி நேரம் தேகப்பயிற்சி செய்யவும் சொல்லிப் பத்து வாரம் கவனித்தபோது, வாரத்துக்கு அரைக் கிலோ அளவில் நிறை இறங்கியது. குழந்தைகளின் வளர்ச்சியில் குறையொன்றும் காணப்படவில்லை. அவர்களுங்கூடப் பிரசவமாகி ஒரு மாதம் பொறுத்தே தொடங்கினார்கள். பாலூட்டுகிறவள் 1,800 கலோரிக்குக் கீழே இறங்கலாகாது என்பதும் வைத்தியர்கள் வழக்கமாகச் சொல்லும் எல்லை. பத்து வாரத்து ஆராய்ச்சியை அக்கா கத்தி தீட்டும் நேரத்தில் முடித்துவிட்டார்.

இதே ஐயத்தைக் கிளினிக்கில் எழுப்பியதுதான் சற்று வெட்கமாகப் போயிற்று. வரிசையில் எனக்கு முன்னும் பின்னும் நின்ற பெண்களின் நிறை ஏறவில்லையென்றே மிட்வைப் மிஸ்ஸிக்குக் கவலை. தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றிலொன்று வயதுக்கேற்ற உயரமில்லாதது என்று 2016ஆம் ஆண்டின் அரசாங்கக் கணக்கெடுப்பே கூறுகிறது. அந்தப் பிள்ளைகளின் தாய்மாருக்கு ஆட்வாட்டருடைய அறை தேவையில்லை, மலையே போதும். பாலூட்டும் தொழிலாளிக்கு ஒன்பது மணி நேர வேலைக்குள் இரண்டு இடைவேளை உண்டென்றும், பிள்ளைக் காம்பரா இருக்குமிடத்தில் ஒவ்வொன்றும் அரை மணியென்றும் மகப்பேற்று நன்மைச் சட்டம் விதித்திருக்கிறது. உச்சிமலையில் கொழுந்தெடுப்பவள் இறங்கி வந்து, பிள்ளையை அமர்த்தி, மறுபடி ஏறுவதற்குள் அந்த அரை மணி எங்கே போகிறதென்பதைச் சட்டம் எழுதியவர்கள் கூடையை மாட்டிக்கொண்டு ஒருமுறை ஏறிப் பார்த்திருக்கலாம். மிஸ்ஸி என்னை ஏற இறங்கப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு திரிபோஷப் பொட்டலங்களை என் கையில் வைத்தார்.

1973 முதல் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் அரசாங்கம் இலவசமாக வழங்கிவரும் இந்தச் சோளமும் சோயாவும் பால்மாவும் கலந்த மா, யாருடைய பெயரில் கொடுக்கப்படுகிறதோ அவர் வாய்க்கு முழுவதும் போய்ச் சேர்ந்த வீடு தோட்டங்களில் துர்லபம். எங்கள் வீட்டிலும் அத்தை அதைத் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடிப்பார். எனக்கு ஒன்று, தமக்கு அரை, வேலையிலிருந்து களைத்து வருகின்ற தம் புத்திரருக்கு மிகுதி. கலோரியை எண்ணி நான் மறுத்த உருண்டைகளும் அவர் கணக்கிலேயே வரவு வைக்கப்பட்டன. இப்படியாக அரை அரைக் கிலோவாக என் நிறை இறங்கத் தொடங்கிய அதே காலத்தில் என் கணவரின் கன்னத்தில் ஒரு தேஜஸும், சாரத்துக்கு மேலே ஒரு மேடும் தோன்றின. பாலூட்டுகிறவர் யார் என்று அயலார் கேட்குமளவுக்குச் சங்கதி முற்றியது. குழந்தையைப் பார்க்க வீட்டுக்கு வந்த மிஸ்ஸி, வாசலில் நின்ற அவரை ஒரு கணம் உற்றுநோக்கிவிட்டு என் பக்கம் திரும்பி, அடுத்த மாதப் பொட்டலத்தை ஐயா இல்லாத நேரமாகப் பார்த்துப் பிரிக்கும்படி உத்தரவிட்டார்.