திரைச்சீலையின் நல்ல பக்கம்

கல்யாணத்துக்குப் புடவை எடுக்கும்போதுகூட ஒரு பகற்பொழுதுக்குள் ஏகமனதாகத் தீர்மானத்துக்கு வந்துவிடுகிற குடும்பங்கள், ஜன்னலுக்குத் திரைச்சீலை என்றவுடன் கட்சி கட்டிக்கொண்டு வாதாடுவதற்குக் காரணம், அந்தத் துணிக்கு இரண்டு பக்கம் இருப்பதும், அவற்றில் எது வீட்டாருக்கு, எது வீதியாருக்கு என்பதை எந்தத் தர்மசாஸ்திரமும் விதித்து வைக்காததுமே என்பது என் அபிப்பிராயம்.

அச்சடித்த துணியில் பூவும் கொடியும் ஒரு முகத்தில்தான் பிரகாசிக்கும். மறுமுகம் வெளிறிக் கிடக்கும். பணம் கொடுப்பவன் நானாகையால் நல்ல பக்கம் என் சாய்வுநாற்காலியை நோக்கியிருக்க வேண்டும் என்பது என் சித்தாந்தம். "எதிர்வீட்டு மாமிக்கு நம் வீட்டுத் துணியின் முதுகையா காட்டுவது?" என்பது என் மனைவியின் சித்தாந்தம். இதற்கிடையே எங்கள் ஜன்னல் மேற்குப் பார்த்தது; எந்தப் பக்கத்தை வெளியே திருப்பினாலும் மாலை வெயில் அதன் சாயத்தை உறிஞ்சிவிடும், பட்டாக இருந்தால் இழையே இற்றுப்போகும் என்ற உண்மையைக் கடைக்காரர், குழல்விளக்கின் கீழே துணியை விசிறிக் காட்டிய உற்சாகத்தில், சொல்ல மறந்துவிடுகிறார்.

பருத்தியை நனைத்து உலர்த்திய பிறகே தைக்கக் கொடுக்க வேண்டும் என்பதையும் அவர் சொல்வதில்லை. என் சகலை வீட்டில் கூடத்து நிலைக்குப் போட்ட திரை, முதல் சலவையிலேயே தரையை விட்டு நான்கு விரற்கடை மேலே ஏறிவிட, வருகிறவர்களின் பாதத்தை மட்டும் பார்த்தே ஆளைச் சொல்லும் அபூர்வ வித்தை அவ்வீட்டுக் குழந்தைகளுக்குச் சித்தித்துவிட்டது.

இப்படிப்பட்ட விவகாரத்தை அற்பமென்று தள்ளிவிட முடியாது. சோழமண்டலக் கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் கப்பலேறிய பூப்போட்ட பருத்தித் துணியின்மேல் இங்கிலாந்துச் சீமாட்டிகளுக்கு மோகம் தலைக்கேற, அந்நாட்டு நெசவாளர்கள் கலகம் செய்ய, கடைசியில் 1721-ல் பார்லிமெண்டே கூடி, அச்சடித்த பருத்தியை உடுத்தவும் வீட்டு அலங்காரத்துக்கு உபயோகிக்கவும் தடை போட நேர்ந்தது. எங்கள் வீட்டில் பார்லிமெண்டு தினமும் கூடியும் ஒரு சட்டமும் நிறைவேறவில்லை.

முடிவில் சென்னிமலைக் கைத்தறியில், நூலுக்கே சாயமேற்றி நெய்த கட்டம்போட்ட துணியை, மடிப்பு விழுவதற்காக ஜன்னலைப் போல் இரட்டை அகலத்துக்கு எடுத்து வந்தேன். அதற்கு உள்ளும் புறமும் ஒரே முகம். இனி வாதி ஏது, பிரதிவாதி ஏது என்று நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தேன்.

மறுநாள் எதிர்வீட்டு மாமி வந்து, திரையை உள்ளும் புறமும் புரட்டிப் பார்த்துவிட்டு, "துணி என்னவோ லட்சணமாகத்தான் இருக்கிறது, ஆனால் திருப்பி மாட்டிவிட்டீர்கள் போலிருக்கிறதே!" என்றாள்.