ஏழாம் அடுக்கில் இருக்கும் படிவம் குறித்து

அனுப்புநர்: வரி கட்டத் தயாராக இருக்கும் ஒருவர்
பெறுநர்: இணையதளப் பொறுப்பு அலுவலர், எங்கள் நகராட்சி

பொருள்: சொத்துவரிப் பெயர் மாற்றப் படிவம் – இருப்பிடம் கண்டறியப்பட்டது – பாராட்டு தெரிவித்தல் தொடர்பாக.
பார்வை: தங்கள் தளத்தின் மெனு, அதன் உள்மெனு, அதற்கும் உள்மெனு.

ஐயா,

மேற்காண் படிவம் தங்கள் தளத்தில் பத்திரமாக இருக்கிறது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன். எங்களைப் பற்றி, நிர்வாக அமைப்பு, பிரிவுகள், வருவாய்ப் பிரிவு, பணிகள், பதிவிறக்கம் என்று வரிசையாக இறங்கினால், 'இதர' என்ற பக்கத்தில் கிடைக்கிறது. திருடன்கூடத் தூக்கிப் போக முடியாது. திறப்பு விழாப் படங்கள் மட்டும் எந்த அடுக்கும் இல்லாமல் முகப்பிலேயே ஓடுகின்றன.

சுட்டியை மெனுவில் வைத்தால் பக்கத்தில் இன்னொரு பட்டியல் விரிகிறது. அதைப் பிடிக்க நேர்கோட்டில் நகர வேண்டும். சற்றுக் குறுக்கே சரிந்தாலும் மொத்தமும் மூடிக்கொள்கிறது. கை நடுங்கும் ஓய்வூதியர்களுக்கு நல்ல பயிற்சி. செல்போனில் சுட்டியே கிடையாது. விரல் பட்டதும் மேல்தலைப்பின் பக்கம் திறக்கிறது; அதில் 'விரைவில்' என்று மட்டும் இருக்கிறது.

இப்படித் தோன்றும் பட்டியல், சுட்டி அதன்மேல் போகும்போது மறையக் கூடாது என்கிறது 2018-இல் வந்த டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.1 என்ற இணைய அணுகல் நெறிமுறை. அது வெளிநாட்டுச் சமாச்சாரம் என்பீர்கள். நம் தேசியத் தகவல் மையமே அரசு இணையதளங்களுக்கென 2009-இல் வழிகாட்டு நெறிமுறைகள் வகுத்திருக்கிறது. அந்தக் கோப்பும் 'இதர'வில் இருக்கிறதோ என்னவோ.

தளம் ட்ருபல் என்னும் இணையதள மென்பொருளில் ஓடுவதாக அறிகிறேன். அதில் புதுப் பக்கம் போடுபவர், அதை எதன் கீழ் வைப்பது என்று தேர்ந்தெடுத்தால் போதும்; யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பிரிவும் தன் பக்கத்தைத் தன் பெயரின் கீழ் வைத்தது. மாற்றலாகி வந்த ஒவ்வொருவரும் ஒன்றைச் சேர்த்தார்கள். முந்தையவர் வைத்ததை எடுக்க யாருக்கும் துணிவில்லை. ஆகவே மெனுவைப் பார்த்தால் தங்கள் அலுவலகத்தில் யாருக்குக் கீழே யார் என்பது தெளிவாகத் தெரிகிறது. எங்கே வரி கட்டுவது என்பதுதான் தெரியவில்லை. ட்ருபல் மெனு ஒன்பது அடுக்குக்கு மேல் போகாது. தாங்கள் ஏழில் நிற்கிறீர்கள். மீதமுள்ள இரண்டை நினைத்தால் அச்சமாக இருக்கிறது.

இதற்குப் புது டெண்டர் வேண்டாம். மெனு பிளாக்கில் எத்தனை அடுக்கு காட்டுவது என்று கேட்கும் இடத்தில் 2 என்று போடுங்கள். மற்றவற்றை அந்தந்தப் பிரிவின் பக்கத்துக்குள்ளேயே ஓரப் பட்டியலாக வையுங்கள். மெனுவிலிருந்து எடுத்தால் பக்கம் அழிந்துவிடாது. எந்தப் பிரிவும் கோபிக்கத் தேவையில்லை. மேல்வரிசையில் வரி, குடிநீர், பிறப்பு இறப்புச் சான்று, புகார் என்று மக்கள் தேடி வருவதை வைத்தால் போதும். எந்தப் பிரிவு எதைக் கவனிக்கிறது என்பதை உள்ளே வந்தபின் சொல்லிக்கொள்ளலாம்.

இதைக் கனிவுடன் பரிசீலிக்க வேண்டுகிறேன். அதுவரை விண்ணப்பத்தைக் கவுன்டரிலேயே கொடுத்துவிடுகிறேன். அங்கே ஒரே ஒரு வரிசைதான்.

இப்படிக்கு,
வரி செலுத்துபவர்