பத்திரச் செலவில்லாத சொத்து

வா மாப்ளே. காரை அத்தனை தூரத்துல நிறுத்திப்போட்டு நடந்து வர்றயே, எங்க கெணறு என்ன கொம்பு சீவுன மாடா, ஓடியாந்து முட்டறதுக்கு? உக்காரு. அந்தக் கயித்துக் கட்டல்ல இல்ல, அது என்ற சிம்மாசனம். இந்தக் கல்லு மேல உக்காரு.

நீ வந்ததுல இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கறன். கெணத்துக்கு இருபதடி தள்ளி நின்னுக்கிட்டு, பாப்பா கவுனை முதுகுப் பக்கம் முறுக்கிப் புடிச்சிருக்கற. சந்தையில வாங்குன கோழி கையை உட்டுப் போயிருமோன்னு றெக்கையைப் புடிக்கறவனாட்ட. வாயி என்ன சொல்லுது? "ஒண்ணுமில்ல கண்ணு, வெறும் தண்ணிதான், எத்தனை அழகா இருக்குது பாரு." வாயி பட்டு வேட்டி கட்டிக்கிட்டு வந்து சபையில உக்காந்திருக்குது. கை மட்டும் செத்தோம்டா சாமின்னு கத்துது. ஆறு வயசுக் கொழந்தை வாய் சொல்றதையா கேக்கும்? கை சொல்றதைத்தான் கேக்கும்.

ஒரு ஏக்கரா நெலத்தைப் புள்ள பேருக்கு மாத்தோணும்னா சும்மாவா? மூலப்பத்திரம் எங்கே, வில்லங்கம் போட்டுப் பாத்தாச்சா, பட்டா யாரு பேருல, ரெண்டு சாட்சி கூட்டிட்டு வா, பத்திரம் எழுதறவனுக்குக் குடு, முத்திரைத்தாளுக்குக் குடு. செருப்புத் தேய நடந்தாத்தான் கை மாறும். பயத்துக்குப் பாரு, பதிவும் இல்ல, சாட்சியும் இல்ல. குடுக்க மாட்டேன்னு நீ கத்துனாலும் அது பாட்டுக்குப் புள்ள பேருக்கு மாறிப் போயிரும். வில்லங்கத்தோட.

என்ற பெரியவன் மக இருக்கறாளே, கோயமுத்தூர்ல மனசைப் பத்திப் படிக்கறா. மனசைப் படிக்கறதுக்கு வருசத்துக்கு இத்தனை ஆயிரமான்னு கேட்டு அவகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டன். ஆனா போன நோம்பிக்கு வந்தவ ஒண்ணு சொன்னா. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

அமெரிக்காவுல ஒரு மேசை. மேல கனமான கண்ணாடி. பாதி தூரத்துக்குக் கண்ணாடியை ஒட்டியே கட்டம் போட்ட துணி. மீதிப் பாதியில அந்தத் துணி ஒரு அடி கீழ எறங்கிப் போயிருது. தவந்து வர்ற கொழந்தைக்கு நடுவுல வாய்க்கா வெட்டுனாப்பலத் தெரியும். கண்ணாடி இருக்கறதனால உழுகாது, ஆனா அதுக்கு அது தெரியுமா? கொழந்தைக்கு ஆழம் புரியுதான்னு பாக்கறதுக்காக இந்த மாதிரி மேசையை முந்தியே செஞ்சு, 1960ல எழுதிட்டாங்களாம். பொறவு வேற ஆளுங்க அதே வித்தையை வேற கேள்விக்குத் திருப்பி, 1985ல எழுதுனாங்க. ஒரு வயசுக் கொழந்தையை இந்தப் பக்கம் உட்டாங்க. அந்தப் பக்கம் அம்மாக்காரி. பேசக்கூடாது. மூஞ்சியை மட்டும் காட்டோணும். சிரிச்ச மொகத்தைக் காட்டுனப்ப 19 கொழந்தைகள்ல 14 தாண்டி வந்துருச்சு. பயந்த மொகம் வெச்சப்ப இருந்தது 17 கொழந்தைங்க. அதுல எத்தனை தாண்டி வந்திருக்கும்? நீ கம்ப்யூட்டர்ல கணக்குப் பண்றவன், சொல்லு பாக்கலாம்.

ஒண்ணு கூட வரல மாப்ளே.

அப்பான்னு கூப்புட நாக்குத் திரும்பாத வயசு. அதுக்குப் பஞ்சாங்கம், சோசியம், போற வழி, திரும்பற வழி எல்லாம் பெத்தவ மூஞ்சிதான்.

அப்படின்னா நான் சிரிச்சுக்கிட்டே நிக்கறனுங்க மாமாங்கற. எங்க, சிரி. அட வேண்டாஞ்சாமி, மூடு. பல்லுப் புடுங்கறவன் நாற்காலியில உக்காந்தவனாட்ட இருக்குது. பாப்பா பாத்தா இன்னும் பத்தடி பின்னால போயிரும்.

மூடி மறைச்சாப் போயிரும், வாயில சொன்னாத் தீந்துரும்னு நெனைக்காத. அந்தச் சங்கதியில எனக்கு அனுபவம் சாஸ்தி. வாய்க்கா ஓரம் நிக்குதே புளியமரம், அதுல முனி இருக்குதுன்னு ஊரே சொல்லுமே, அந்த முனி எப்ப வந்துதுன்னு தெரியுமா? நானும் உன்ற அத்தையும் புதுசாக் கண்ணாலம் ஆன வருசம். பசங்க ராத்திரியில வந்து என்ற தென்னையில எளநியா எறக்கித் தின்னுட்டுப் போனானுங்க. காவலுக்கு ஆளு வெக்க முட்டுவழிக்கு எங்க போறது? ஒரு முனியை வெச்சுட்டன். சம்பளமில்ல, பீடிக் காசு இல்ல. வெள்ள வேட்டி கட்டியிருக்குது, காலு பூமியில படலைன்னு டீக்கடையில ரெண்டு பேருகிட்டச் சொன்னன். மூணாம் நாளு என்றகிட்டயே வந்து, "ஏனுங்க, உங்க தோட்டத்து முனிக்குச் சலங்கைச் சத்தம் வேற கேக்குதாமே"ன்னு ஒருத்தன் கேக்கறான். சலங்கை நான் கட்டுனதே இல்லப்பா. அது ஊர்க்காரங்க போட்ட மொய்.

எளநி தப்புச்சுது. என்ற சின்னவன் தப்பல. அவன் தொட்டல்ல கெடக்கறப்பவே அந்த முனிக்கதையைக் கேட்டு வளந்தவன். இப்ப நாப்பது வயசு, மீசை பாரு, அய்யனாரு கணக்கா. மும்முனைக் கரண்டு சாமத்துல வந்தா மோட்டாரைப் போடப் போக மாட்டேங்கறான். அம்பது வருசம் பண்ணையம் பண்ணிப்போட்டு இந்த வயசுல நான் டார்ச் லைட்டை எடுத்துக்கிட்டுப் போறன். ஒரு நாள் உக்கார வெச்சு, "டேய், முனியும் இல்ல சனியும் இல்ல, எளநிக்கோசரம் நான் கட்டுன பொய்யி"ன்னு சொல்லிப் பாத்தன். அவன் என்னையக் கண்ணு கலங்கப் பாத்துட்டு, "உங்களையும் புடிச்சுருச்சுங்களாப்பா"ங்கறான்.

இன்னொண்ணு கேளு, வெளிய சொல்லாத. அந்த மரத்துகிட்டப் போறப்ப நானே ஒரு செருமு செருமிட்டுத்தான் போறன்.

ஆருக்கும் இதுல வெக்கமே இல்ல. சோறு உண்ணலைன்னா பூச்சாண்டி, தூங்கலைன்னா மூணு கண்ணன், அழுதா டாக்டரு ஊசி போட்டுருவாரு, அடம் புடிச்சா போலீசு வந்துரும். நாளைக்குக் கொழந்தை வழி தப்பிப் போனா போலீசுகிட்டப் போகோணும், காய்ச்சல் வந்தா டாக்டருகிட்டப் போகோணும். அது ரெண்டு பேரையும் கண்டா தூணுக்குப் பின்னால ஒளியும். நாலு வாய் பருப்புச் சோத்துக்கு இது கட்டுபடியாகற யாவாரமா?

நீ உடனே பாம்புன்னா பயப்பட வேண்டாமுங்களா, தெருநாய்ன்னா பயப்பட வேண்டாமுங்களான்னு வாதம் பண்ண வாயைத் தொறக்கற. தெரியுது. பயத்தையும் சாக்கிரதையையும் ஒரே கோணியில போட்டுக் கட்டாத. வடநெம்மேலியில இருளருங்க சங்கம் வெச்சு 1978ல இருந்து பாம்பு புடிக்கறாங்க. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன், நாலுலயும் வெசத்தை எடுத்து மருந்துக்குக் குடுத்துட்டு, பாம்பைத் திரும்பக் காட்டுல உட்டுருவாங்க. அவங்கள்ல வடிவேல் கோபாலு, மாசி சடையன்னு ரெண்டு பேருக்கு 2023ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. அவங்க பாம்புக்குப் பயமில்லாதவங்கன்னா நெனைக்கற? எதைத் தொடலாம், எதுக்கு எத்தனை அடி தள்ளி நிக்கோணும்னு தெரிஞ்சவங்க. அப்பன் கூடவே நடந்து நடந்து படிச்ச பாடம். நம்மூட்டுல எலி புடிக்க ஒரு சாரை வந்தாலும் உன்ற அத்தை போடற கூச்சல்ல பாம்புக்கே காது போயிரும். புள்ளைங்க அதுல என்னத்தைக் கத்துக்கும்? கத்தறதைத்தான் கத்துக்கும். நாயும் அப்படித்தான். கடிச்சாச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவு, அன்னிக்கே ஊசி போடு, இது சாக்கிரதை. நாய் படம் போட்ட பிஸ்கட்டுப் பொட்டலத்தைக் கண்டு பாப்பாளைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கறதுக்குப் பேரு வேற.

சரி, வந்த பயம் போகுமாங்கற. போகும். வந்த வேகத்துல போகாது, அவ்வளவுதான்.

இதுவும் பேத்தி சொன்னதுதான். பீட்டர்னு ஒரு பையன், மூணு வயசு நெறயல. மொசலைக் கண்டா அலறுவான். மேரி கவர் ஜோன்ஸ்னு ஒரு அம்மிணி அவனைப் பழக்கி 1924ல எழுதி வெச்சிருக்கறாங்க. அவனுக்குப் புடிச்ச தீனியைக் கையில குடுத்து, அவன் திங்கறப்ப மொசலைக் கூண்டோட எட்டத்துல கொண்டாந்து வெக்கறது. அழுகாத தூரத்துல. தெனமும் சித்தெ சித்தெ கிட்டக் கொண்டாறது. மொசலுக்குப் பயப்படாத கொழந்தைகளையும் அவன் கூட வெளையாட உடறது. நல்லா வந்துக்கிட்டு இருந்தான். நடுவுல சீக்காயி ஆஸ்பத்திரியில கெடந்துட்டு வெளிய வர்றப்ப ஒரு பெரிய நாய் மேல பாஞ்சுருச்சு. அவனும் பயந்தான், கூட வந்த நர்சம்மாளும் பயந்து போனா. அவ்வளவுதான், பழைய பயம் வட்டியோட திரும்பி வந்துருச்சு. அந்த அம்மிணி சலிச்சுக்கலை. மறுபடியும் எட்டத்துல இருந்து ஆரம்பிச்சாங்க. கடைசியில பையன் மொசல் வாயில வெரலைக் குடுத்துக் கடிக்க உட்டானாம்.

இதுக்கு அமெரிக்கா வரைக்கும் போகோணுமான்னு பேத்திகிட்டக் கேட்டன். எங்கய்யன் காளங்கன்னை ஏருக்குப் பழக்குனது எப்படி? எடுத்த எடுப்புல நொகத்தடியைத் தூக்கி வெச்சா கயித்தை அத்துக்கிட்டு ஊரைத் தாண்டிரும். பழகுன கெழட்டு மாட்டுக்குச் சோடியாக் கட்டி, ஏரில்லாமச் சும்மா நாலு நாள் நடக்க வெப்பாரு. கெழடு நடக்கறதைப் பாத்துக் கன்னு நடக்கும். "அதே தானுங்க தாத்தா, நீங்க எழுதி வெக்கலை, அவங்க எழுதி வெச்சாங்க"ன்னுட்டா. வாயாடி.

உன்ற விசயத்துல ஒரே ஒரு சிக்கல். கெழட்டு மாடே கயித்தை அத்துக்கிட்டு ஓடறதா இருக்குது.

அதனால ரெண்டு பேத்தையும் சேத்துத்தான் கட்டோணும். வாய்க்காலுல தண்ணி உட்டதுல இருந்து கெணறு நெறஞ்சு நிக்குது. இன்னிக்கு மொதப் படி. தண்ணி கணுக்காலு வரைக்கும் வரும். அதுல நீயும் பாப்பாளும் உக்காருங்க, முறுக்குத் தின்னுங்க, ஏறி வாங்க. வேற ஒரு மண்ணும் செய்ய வேண்டாம். நாளைக்குக் காத்தால ரெண்டாவது படி. உனக்குத் தொடை நடுங்குச்சுன்னா மறுபடி மொதப் படிக்கு வா, யாரும் கணக்கெடுக்கலை. நாலாவது படிக்கு வர்றப்பச் சொல்லு, லாரி டியூப்பு காத்தடிச்சு வெச்சிருக்கறன். எங்க காலத்துல சொரப்புருடையை முதுகுல கட்டி உடுவாங்க. இப்பச் சொரைக்காயைக் காய உட்டு வெக்கறதுக்கு எவளுக்குப் பொறுமை இருக்குது? சின்னவன் எப்பவும் கூட எறங்குவான். முனிக்குத்தான் பயப்படுவான், தண்ணியில அவன் மீனு.

பாப்பாகிட்ட உள்ளதைச் சொல்லிப்போடு. "அப்பனுக்குத் தண்ணின்னா பயம் அம்மிணி, இன்னிக்குத்தான் நானும் கத்துக்கறன், நீ என்னையப் பாத்துக்க"ன்னு சொல்லு. பயந்த அப்பன் ஒரு படி எறங்கறதை அது பாக்கட்டும். பயமே இல்லாத அப்பனாட்ட நீ நடிக்கறதை அது நேத்தே கண்டுபுடிச்சாச்சு.

மொறைக்காத. உனக்கு இது எங்கிருந்து வந்துதுன்னு யோசிச்சிருக்கயா? உங்கொம்மா, என்ற பொறந்தவ, வாய்க்காப் பாலத்து மேல கார் போனாக்கூடக் கண்ணை மூடிக்குவா. உன்னையப் பள்ளிக்கூடத்துல இருந்து அணைக்குக் கூட்டிட்டுப் போனப்பக் காய்ச்சல்னு பொய் சொல்லி ஊட்டுல நிறுத்தி வெச்சவ அவதான். அவளைக் கேட்டா, எட்டு வயசுல வாய்க்காலுல உழுந்துட்டன்னு சொல்லுவா.

உழுகல. தள்ளி உட்டது.

ஆரு தள்ளி உட்டதுன்னா... சித்தெ அந்தச் சொம்பை எடு மாப்ளே, தொண்டை காஞ்சு போச்சு.

எனக்கு அப்பப் பன்னெண்டு வயசு. தண்ணியில தள்ளுனா நீச்சல் தானா வந்துரும்னு எவனோ சொன்னான். நான் செஞ்சு பாத்தன். பத்தடி தூரத்துல எங்கய்யன் குதிச்சுத் தலைமுடியைப் புடிச்சு இழுத்துப் போட்டாரு. அன்னிக்குச் சாட்டைவாரு என்ற முதுகுல பேசுன பேச்சு இன்னும் மழைக்காலத்துல கேக்கும். அவ மூஞ்சியில அன்னிக்கு ஒட்டுனது உன்ற மூஞ்சிக்கு வந்துது, இப்பப் பாப்பா மூஞ்சியில எட்டிப் பாக்குது. நான் ஒரே ஒரு தள்ளுத்தான் தள்ளுனன். மூணு தலைமொறை நனையாம நிக்குது.

அதோ, உங்கொம்மாளே முறுக்குத் தட்டத்தோட வர்றா. இருபதடிக்கு அந்தாண்டயே நின்னுட்டா பாரு. எல்லை போட்ட மாதிரி குடும்பமே ஒரே எடத்துல நிக்குது. ஏ புள்ள, வா, உன்ற மகனும் பேத்தியும் மொதப் படியில உக்காரப் போறாங்க, நீயும் வந்து காலை நனை. என்ன? என்ன சொல்றா மாப்ளே, காது சரியாக் கேக்கலை.

கால நனைக்கறாளாம். ஆனா நான் கட்டலை உட்டு எந்திரிக்கக் கூடாதாம்.