கெடுதல் விகாரம்: ஒரு கட்டைவிரலை நீக்கும் கருவிக்கு உரை

ஒருவர் எழுதிய நிரலை மற்றொருவர் வரிவரியாகப் படித்து, குறை கண்ட வரியின் அடியில் கருத்துரை எழுதிவைக்கும் வழக்கம் கோட் ரிவ்யூ எனப்படும். அக்கருத்துரைக்கு மறுமொழி எழுதச் சோம்புவோர் அதன் காலடியில் ஒட்டிவிட்டுப் போகும் சிறுபடம் ரியாக்‌ஷன் எனப்படும். ஒட்டியதை உரித்தெடுக்கும் கருவிக்குக் கையேடு எழுதுவது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் நுதலிய பொருள்.

நிரல்களைச் சேமித்து ரிவ்யூ செய்ய இடம் தரும் கிட்ஹப் தளத்தில் இப்படங்கள் 2016 மார்ச்சில் தோன்றின. அதற்குமுன், உடன்படுவோர் ஒவ்வொருவரும் ‘+1’ என்று தனிக் கருத்துரை இட, அவை யாவும் பிறர் அஞ்சல்பெட்டியில் வந்து குவிய, திறமூல மென்பொருள்களைப் பராமரிப்போர் பலர் கூடி அவ்வாண்டு ஜனவரியில் அத்தளத்துக்கு முறையீட்டு மடல் எழுதியிருந்தனர். கட்டைவிரல், இதயம் முதலாக முதலில் ஆறாக இருந்த படங்கள், பின்னர் ராக்கெட்டும் இரு கண்களும் சேர எட்டாயின. தொல்காப்பியர் கூறும் மெய்ப்பாடுகளும் எட்டே என்பது தற்செயல்தான். ஆயினும் ஆய்வாளர் அதைக் கண்டும் காணாமல் செல்வது முறையன்று. நகைக்கும் உவகைக்கும் மருட்கைக்கும் இங்கே படம் உண்டு. அழுகைக்கும் அச்சத்துக்கும் இல்லை. தம் நிரலை ரிவ்யூவுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்போர்க்கு மிகுதியாகத் தோன்றுவன அவ்விரண்டே என்பதால், இது பெருங்குறை எனக் கொள்ளத்தகும்.

தமிழ் இலக்கணத்தில், சொற்கள் சேரும் புணர்ச்சியில் நேரும் விகாரங்கள் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று. ரியாக்‌ஷனுக்குத் தோன்றலும் கெடுதலும் மட்டுமே உண்டு. ஒரு நிரல் மற்றொரு நிரலுக்கு வேலை ஏவுவதற்கென வகுத்த ஏபிஐ என்னும் முறையில், கட்டைவிரலை இதயமாகத் திரிக்கும் கட்டளை இல்லை. மனம் மாறியவர் இதயத்தைத் தனியே தோற்றுவித்து, விரலைத் தனியே கெடுக்க வேண்டும். கெடுக்க மறந்தால் இரண்டும் அருகருகே நிற்கும். ஒரே ஆள் ஒரே கருத்துரையின்மேல் மேல்நோக்கிய விரலையும் கீழ்நோக்கிய விரலையும் சேர்த்து ஒட்டுவதற்கும் தடையில்லை, அதைச் செய்பவர் மனநிலை ஆய்வுக்கு அப்பாற்பட்டது.

மனிதர் திரையில் அதே படத்தை இன்னொருமுறை தொட்டால் அது மறைந்துவிடும். விரல் இல்லாத கருவிக்கோ நான்கு செய்திகள் வேண்டும்: உரிமையாளர் பெயர், நிரல் சேமித்திருக்கும் ரெப்போவின் பெயர், கருத்துரையின் எண், ரியாக்‌ஷனின் எண். ஊரும் தெருவும் வீட்டு எண்ணும் சொல்லி, வாசற்கோலத்தில் இன்ன புள்ளி என்று முடிப்பதை இது ஒக்கும். நான்காவதைப் படம் ஒட்டும்போது தளமே சொல்லிவிடுகிறது என்றாலும், குறித்துவைப்போர் அரியர். குறிக்காதவர் பட்டியலைக் கேட்டு வாங்கித் தேடலாம், வேறு அளவு சொல்லாவிடில் பக்கத்துக்கு 30 வீதம் வரும். குறுக்குவழியும் ஒன்று உண்டு: அதே படத்தை மறுபடி ஒட்டச் சொன்னால், தளம் புதிதாக ஒட்டாமல், புதியது என்பதற்குரிய 201க்கு மாறாக 200 என்னும் குறியீட்டோடு பழைய படத்தின் எண்ணையே தந்துவிடும். உரிப்பதற்காக ஒட்டிப் பார்க்கும் இவ்வழியைக் கையேடுகள் விளக்கமாக எழுதாதது வியப்புக்குரியது.

கையேடு எழுதுவோர் பெரிதும் வழுக்கும் இடம் வேறு. நிரலின் குறிப்பிட்ட வரியின்மேல் எழுதிய கருத்துரையும், பொது உரையாடலில் எழுதிய கருத்துரையும் ஒரே பக்கத்தில் ஒரே முகத்தோடு நிற்கும்; ஆனால் பின்னதைத் தளம் இஷ்யூ என்னும் வேறு இனத்தில் வைத்திருப்பதால் அதற்குரிய முகவரி வேறு, ஒன்றின் எண்ணை மற்றொன்றின் வாசலில் நீட்டினால் 404, அதாவது ‘அப்படி ஒன்று இல்லை’ என்ற விடையே கிடைக்கும். உள்ளே செல்ல உரிமையற்ற தனியார் ரெப்போவைக் கேட்டாலும் அதே 404தான். இல்லாததும் இனம் மாறியதும் அனுமதி இல்லாததும் ஒரே சொல்லால் மறுக்கப்படுவதால், இக்கருவியின் கையேட்டில் முதல் வரியிலேயே ‘வரிமேல் எழுதிய கருத்துரைக்கு மட்டும்’ என்று எழுதாதவர் உரையாசிரியர் ஆகார்.

இவ்வளவும் யாருக்கு வேண்டும் என்ற வினா எழும். தாமே நிரலைப் படிக்கும் போட் எனப்படும் தானியங்கிகளுள் சில, ‘பார்த்துக்கொண்டிருக்கிறது’ என்பதற்கு அடையாளமாக இரு கண்களை ஒட்டிவிட்டு, வேலை முடிந்ததும் அவற்றை எடுத்துவிடுகின்றன. மனிதரைவிட அவற்றுக்கே இக்கருவி பெரிதும் பயன்படுகிறது.

படம் ஒட்டப்படும்போது கருத்துரை எழுதியவருக்கு அறிவிப்பு எதுவும் செல்வதில்லை, உரிக்கப்படும்போதும் செல்வதில்லை. கட்டளை நிறைவேறியதும் தளம் தரும் விடை 204. அவ்வெண்ணின் பொருள், ‘உள்ளடக்கம் இல்லை’.