கேளாமல் கொடுத்தவர்கள்

கேட்டவனுக்குக் கொடுப்பதில் என்ன பெருமை இருக்கிறது? மளிகைக் கடைக்காரர்கூட அதைத்தான் செய்கிறார். கேளாதவனுக்கு, கேளாத பொருளை, வாய் திறந்து கேட்கவும் விடாமல் கொடுப்பதுதான் கொடை. முல்லைக்குத் தேரைக் கொடுத்த பாரி, பந்தற்கால் ஒன்று போதுமா என்று அதனிடம் விசாரித்துக்கொண்டா நின்றான்? அந்த மரபு அற்றுப்போயிற்றே என்று வருந்துகிறவர்கள், கடந்த 20 ஆண்டுகளாக ஆப்பிரிக்காவை டிஜிட்டல் வழியில் முன்னேற்றப் புறப்பட்ட பெருமக்களை ஒருமுறை ஏறிட்டுப் பார்க்கட்டும். தேர் என்ன தேர், இவர்கள் பலூனே விட்டிருக்கிறார்கள்.

முதலில் அவர்களுடைய மனத்தின் விரிவைச் சொல்ல வேண்டும். 54 நாடுகளும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகளும் அதற்குள் ஒரே ஊராக அடங்கிவிடும். கெய்ரோவின் அடுக்குமாடியும் சாட் ஏரிக்கரைக் குடிசையும் அங்கே அடுத்தடுத்த வீடுகள். எந்த ஊருக்கு எது தேவை என்று பிரித்துப் பார்க்கும் சின்னப் புத்தி அவர்களிடம் இல்லை.

2005 நவம்பரில் துனிஸ் நகரில் நடந்த உலகத் தகவல் சமுதாய மாநாட்டில், எம்.ஐ.டி.யின் நிக்கலஸ் நெக்ரோபாண்டி ஒரு பச்சை மடிக்கணினியை உலகுக்குக் காட்டினார். விலை 100 டாலர் என்றார். பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. மின்சாரம் இல்லாத ஊரில் பிள்ளைகள் அதைச் சுற்றியே கணினியை ஓட்டிக்கொள்ளலாம். மேடையிலிருந்த ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் சுற்றிப் பார்த்தார். கைப்பிடி கழன்று கையோடு வந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் உட்கார்ந்து கைப்பிடியைச் சரிசெய்திருப்பார்கள். இவர்கள் கைப்பிடியையே எடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் கைக்குப் போனபோது விலை 200 டாலரை நெருங்கியிருந்தது. ஒரு பிரச்சினையை வேரோடு களைந்ததற்கு அந்தக் கூடுதல் தொகை அதிகமில்லை. சகாராவுக்குத் தெற்கே இன்றும் சுமார் 60 கோடிப் பேருக்கு வீட்டில் மின்சாரம் கிடையாது. கணினி முன்னே போனால் மின்சாரம் வெட்கப்பட்டுப் பின்னாலேயே வந்துவிடும் என்று நம்புவதற்கு எவ்வளவு வெள்ளை மனம் வேண்டும்! ருவாண்டா மட்டும் இந்தக் கணினிகளை இரண்டு லட்சத்துக்கு மேல் வாங்கியது.

ஆசிரியர் என்ற வீண்செலவை ஒழிக்கவும் நெக்ரோபாண்டியே வழி கண்டார். 2012-இல் எத்தியோப்பியாவின் இரண்டு சிற்றூர்களில், எழுத்தறியாத பிள்ளைகள் நடுவே, சூரிய மின்தகட்டோடு டேப்லெட்களை மூடிய பெட்டிகளில் வைத்துவிட்டு வந்தார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. நான்கு நிமிடத்தில் ஒரு பிள்ளை பெட்டியைத் திறந்து, இயக்கும் பொத்தானையும் கண்டுபிடித்துவிட்டதாம். இரண்டு வாரத்தில் ஆங்கில எழுத்துப் பாட்டாம். ஐந்து மாதத்தில், கொடுத்தவர்கள் முடக்கிவைத்திருந்த கேமராவையே திறந்துவிட்டார்களாம். இவ்வளவும் நெக்ரோபாண்டி தம் வாயாலேயே சொன்னது. பிள்ளைகளின் கூர்மையில் எனக்குத் துளியும் ஐயமில்லை. அது பெட்டி வருவதற்கு முன்பும் அந்த ஊரில்தான் இருந்தது. ஆனாலும் அதற்கான பாராட்டு முழுவதையும் பெட்டியின் சார்பில் ஏற்றுக்கொண்ட அந்தப் பணிவைத்தான் போற்ற வேண்டும். இத்தனை சூட்டிகையான பிள்ளைகளுக்கு நல்ல வாத்தியார் ஒருவர் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. அது பழைய சோதனை. முடிவு முன்பே தெரிந்த சோதனையை எந்த அறிஞரும் செய்ய மாட்டார்.

கென்யாவின் ஆட்சியாளர்களும் சளைத்தவர்கள் அல்லர். முதல் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் மடிக்கணினி என்று 2013 தேர்தலில் வாக்குறுதி தந்தார்கள். டெண்டர் விட்டார்கள், அது வழக்கில் சிக்கி ரத்தானது, மடிக்கணினி டேப்லெட்டாகச் சுருங்கியது, கடைசியில் பத்து லட்சத்துக்கு மேல் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தன. திருடு போய்விடுமே என்ற கவலையில், பல தலைமையாசிரியர்கள் அவற்றைக் கம்பி போட்ட அறையில் வைத்துப் பூட்டினார்கள். தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைச் சுற்றிப் பார்த்த ஔவை, மாலை சூட்டி நெய் பூசி எவ்வளவு புதிதாக மின்னுகின்றன உன் வேல்கள் என்று வாயாரப் புகழ்ந்தாளே, அந்தப் புகழ்ச்சிக்கு இந்த அறைகளும் முழுத் தகுதி உடையவை. 2020-இல் கொரோனாவால் பள்ளிகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. பிள்ளைகள் வீட்டில், வீட்டிலிருந்தே படிக்க வாங்கினாற்போன்ற கருவிகள் பள்ளியில். இரு தரப்பும் தனிமனித இடைவெளியை இவ்வளவு கண்டிப்பாகக் கடைப்பிடித்த நாடு வேறு இருக்குமா என்று தெரியவில்லை.

தரையில் இவ்வளவு சாதித்தவர்கள் அடுத்து வானத்தைப் பார்த்தார்கள். ஆப்பிரிக்காவுக்கு இணையம் தர ஃபேஸ்புக் பங்கு போட்ட செயற்கைக்கோள், 2016 செப்டம்பர் 1-ஆம் தேதி கேப் கனாவரல் ஏவுதளத்தில் ராக்கெட்டோடு சேர்ந்து வெடித்துச் சிதறியது. கூகுளின் தாய் நிறுவனம் விட்ட லூன் பலூன்கள் 2020 ஜூலையில் கென்ய வானத்திலிருந்து இணையம் தரும் வணிகச் சேவையைத் தொடங்கின. அடுத்த ஜனவரியிலேயே கடை மூடும் அறிவிப்பு வந்துவிட்டது. ஏறும்போது எவ்வளவு அழகோ, இறங்கும்போதும் அவ்வளவு அழகு. இவற்றுக்கெல்லாம் முன்பே ஜாம்பியாவில் 2014-இல் 'இலவச இணையம்' வந்தது. இணையம் முழுவதும் அல்ல. கொடுத்தவர் தேர்ந்தெடுத்த சில தளங்கள் மட்டும், அவற்றில் ஃபேஸ்புக்குக்கு உரிய இடத்தோடு. கடலைக் காட்டுகிறேன் என்று அழைத்துப்போய்த் தம் வீட்டுத் தொட்டியைக் காட்டும் இந்த அன்பை இந்தியா புரிந்துகொள்ளவில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2016 பிப்ரவரியில் முகத்தில் அடித்தாற்போல வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நன்றி கெட்ட நாடு.

மருத்துவத்துக்கு ஆற்றிய தொண்டையும் விட்டுவிடக் கூடாது. குறுஞ்செய்தியில் மருந்து நினைவூட்டல், கைப்பேசியில் கர்ப்பிணிப் பதிவேடு என்று உகாண்டாவில் எத்தனை முன்னோட்டத் திட்டங்கள்! ஒன்று செய்வதையே இன்னொன்றும் செய்தது. ஒன்றின் கணக்கு இன்னொன்றோடு பேசாது. எந்தத் திட்டமும் தோற்கவில்லை. நிதி தீர்ந்ததும் வெற்றி அறிக்கை வந்துவிடும். முன்னோட்டமாகவே பிறந்து முன்னோட்டமாகவே மறைந்ததால் ஒன்றுக்கும் மூப்பு என்பதே வரவில்லை. இந்த இளமையின் அருமை தெரியாத உகாண்டா சுகாதார அமைச்சகம், இனி அனுமதியின்றி ஒன்றும் வேண்டாம் என்று 2012-இல் எல்லாவற்றையும் நிறுத்திவைத்தது.

இவ்வளவுக்கும் நடுவில் ஒன்று உண்மையாகவே வேலை செய்துவிட்டது. எப்படி நேர்ந்தது இந்த விபத்து? உகாண்டாவிலும் கானாவிலும் போட்ஸ்வானாவிலும் மக்கள் யாரையும் கேளாமல், கைப்பேசி ரீசார்ஜையே பணமாக ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நகரத்து மகன் ரீசார்ஜ் அட்டையின் எண்ணைச் சொல்வான். ஊர்க் கடைக்காரர் ரீசார்ஜை ஏற்றிக்கொண்டு, தம் பங்கைப் பிடித்துக்கொண்டு, தாயிடம் காசைக் கொடுப்பார். பிரிட்டிஷ் அரசின் உதவி நிதியோடு வோடஃபோனும் சஃபாரிகாமும் கென்யாவில் எம்-பெசாவைச் சோதித்தது வேறு நோக்கத்துக்காக: சிறுகடன் வாங்கியவர்கள் தவணையைக் கைப்பேசியில் கட்ட. மக்கள் தவணையை விட்டுவிட்டு ஒருவருக்கொருவர் பணம் அனுப்பத் தொடங்கினார்கள். நல்ல வேளையாக, இந்த ஒருமுறை மட்டும் யாரோ கவனித்துவிட்டார்கள். 2007 மார்ச்சில் அது பணம் அனுப்பும் சேவையாகவே வெளிவந்தது. அன்று முதல் எல்லா மாநாடுகளிலும் எல்லா வள்ளல்களுக்கும் காட்டுவதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது.

வெற்றியை வெற்றியாகவே விட்டுவைப்பது பெரியோர்க்கு அழகல்ல. 2012 நவம்பரில் அதே கைப்பேசியில் எம்-ஷ்வாரி என்ற கடன் வந்தது. 30 நாள் கடனுக்கு 7.5 சதவீதக் கட்டணம். வட்டி என்று யாரும் சொல்லவில்லை, ஆகவே அது வட்டி இல்லை. ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் 90 சதவீதம் வரும். ஆனால் ஏழைகளைக் கணக்குப் போடச் சொல்வது நாகரிகம் அல்ல. பின்னாலேயே கடன் செயலிகள் படையாக வந்தன. சொத்து வேண்டாம், ஜாமீன் வேண்டாம், வரிசையில் நிற்க வேண்டாம். நள்ளிரவில் கேட்டாலும் நொடியில் பணம். பந்தயச் செயலியும் அதே கைப்பேசியில் இருப்பதால், வாங்கிய கடனைத் தொலைக்க வெளியே நடக்கவும் வேண்டாம். கட்டத் தவறினால் கைப்பேசியில் உள்ள மாமா, மச்சான், முதலாளி எல்லோருக்கும் செயலிக்காரர்களே செய்தி சொல்லிவிடுவார்கள். சொந்தபந்தம் அறுந்துபோகும் காலத்தில் உறவை இப்படித் தேடிப்பிடித்துப் பேசவைப்பவர் யார்? நூறு, இருநூறு ஷில்லிங் பாக்கிக்கெல்லாம் கடன் தவறியவர் பட்டியலில் பெயர் ஏறியது. கென்ய மத்திய வங்கி 2020-இல் குறுக்கே வந்து, ஆயிரம் ஷில்லிங்குக்குக் கீழான பாக்கிக்குப் பெயர் ஏற்றக் கூடாது என்று கெடுத்துவிட்டது. வங்கிச் சேவையே எட்டாத மக்களுக்கு, சேமிப்புக்கு முன்பே திவாலை எட்டவைத்த சாதனை பாதியில் நின்றது.

வேலைவாய்ப்பும் தந்தார்கள். வறுமையை ஒழிப்பதே நோக்கம் என்று தொடங்கிய ஒரு நிறுவனம், சாட்ஜிபிடியின் வாய் சுத்தமாக இருப்பதற்காக நைரோபி இளைஞர்களை உட்காரவைத்து, மனிதன் எழுதக்கூடிய மிகக் கொடூரமான பத்திகளை நாள்முழுதும் படித்து வகைப்படுத்தச் செய்தது. கையில் கிடைத்த கூலி மணிக்கு 2 டாலருக்கு உள்ளேதான் என்று டைம் இதழ் 2023 ஜனவரியில் எழுதியது. அதே ஆண்டு அதே ஊரில், கண்ணின் கருவிழியைப் படமெடுக்கக் கொடுத்தால் சுமார் 7,000 ஷில்லிங் மதிப்புள்ள மின்காசு என்று வேர்ல்ட்காயின் அழைத்தது; நீண்ட வரிசை நின்றது. ஆகஸ்டில் அரசு தடுத்துவிட்டது. யாரும் விலை கேட்டிராத ஒரு பொருளுக்கு விலை வைத்த புண்ணியம் அவர்களைச் சேரும். கைப்பேசி மின்கலத்துக்கான கோபால்ட்டில் உலகின் பெரும்பகுதி காங்கோவின் மண்ணிலிருந்து வருகிறது. மண்ணையும் கண்ணையும் பெற்றுக்கொண்டு முன்னேற்றத்தைத் திருப்பித் தருவது என்ன குறைந்த வியாபாரமா?

தொழில்நுட்பத்தின் ஆற்றலை முழுமனதோடு நம்பியவர்கள் என்று பார்த்தால், அது சில அரசுகள்தான். உகாண்டா அதிபர் முசேவெனி, சமூக ஊடக வம்புப் பேச்சுக்கு வரி கட்டட்டும் என்றார். 2018 ஜூலையிலிருந்து 2021 வரை வாட்ஸ்அப் திறக்க நாளுக்கு 200 ஷில்லிங் கட்ட வேண்டியிருந்தது. கேமரூன் அரசு ஆங்கிலம் பேசும் இரு மாகாணங்களுக்கு 2017-இல் 93 நாள் இணையத்தையே துண்டித்தது. புவேயா நகரின் மென்பொருள் இளைஞர்கள் மடிக்கணினியைச் சுமந்துகொண்டு, மாகாண எல்லையோரச் சிற்றூரான பொனாகோவில் அலைவரிசை கிடைத்த இடத்தில் கூடாரம் போட்டாற்போல உட்கார்ந்து வேலை செய்தார்கள். அவர்களுக்குப் பலூன் வரவில்லை. பலூன்காரர்கள் உள்நாட்டு விவகாரங்களில் தலையிடாத கண்ணியவான்கள்.

இத்தனை கொடையிலும் இவர்கள் விடாது காத்துவரும் ஒழுக்கம் ஒன்று உண்டு: எதிரே நிற்பவரிடம் என்ன வேண்டும் என்று கேட்பதில்லை. அதை எந்நாளும் கைவிட்டுவிடக் கூடாது என்பதே என் வேண்டுகோள். கேட்டால் அந்த மக்கள் கூச்சமில்லாமல் சொல்லிவிடுவார்கள்: மாலை வேளையில் அணையாத மின்சாரம், கட்டுப்படியாகும் விலையில் டேட்டா, தேர்தல் நாளிலும் அறுபடாத இணையம், பிள்ளைகளுக்கு ஆசிரியர், அந்த ஆசிரியருக்குத் தவறாத சம்பளம். இவற்றில் எதைத் துணி போர்த்தி மேடையில் வைத்துத் திறந்துகாட்ட முடியும்? முதல் தேதி ஒழுங்காக வந்து சேர்ந்த சம்பளத்துக்கு உலகத்தில் எங்கேயாவது யாராவது எழுந்து நின்று கைதட்டியிருக்கிறார்களா?