கை அறிந்த குழாய்

திருவல்லிக்கேணியில் எங்கள் பழைய வீட்டுக் கொல்லையிலிருந்து தெரு வரை போகும் கழிவுநீர்க் குழாய், மண்ணைச் சுட்டு உப்பு மெருகேற்றிய ஸ்டோன்வேர் குழாய். நாலு அங்குல விட்டம். இரண்டடித் துண்டுகளாக வரும். ஒன்றின் வாயில் இன்னொன்றின் நுனியைச் செருகி, இடுக்கில் சணலைத் திணித்து, மேலே சிமெண்ட் பூசுவார்கள். நாற்பதடி ஓட்டத்துக்கு ஓரடி சரிவு என்பது கொத்தனார்கள் சொல்லும் கணக்கு. நாற்பதடிக்கு இருபது துண்டு. அத்தனை இணைப்புகளில் எதில் சிமெண்ட் விட்டாலும் மண்ணுக்குள் ஈரம் கசியும். ஈரம் இருக்கும் இடத்துக்கு வேர் வந்துவிடும். எங்கள் கிணற்றடியில் நிற்பது வேம்பு.

எழுபதுகளில் மழைக்காலம் தொடங்கினால் கொல்லைச் சேம்பரில் தண்ணீர் மேலே வந்துவிடும். அப்பா ஆள் சொல்லி அனுப்புவார். தோளில் மூங்கில் பிளாச்சுக் கட்டோடு அடைப்பு எடுப்பவர் வருவார். அப்பாவைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் எங்கள் வீட்டில் எல்லோரும், நாங்கள் சிறுவர்கள் உட்பட, அவரை ‘வா, போ’ என்றுதான் கூப்பிட்டோம். முன்வாசல் வழியாக அவரை யாரும் விட்டதில்லை. பக்கத்துச் சந்து வழியாகத்தான் வர வேண்டும்.

குந்தி உட்கார்ந்து பிளாச்சை உள்ளே தள்ளுவார். அது முட்டியதும் வேகம் கொடுக்க மாட்டார். பிடியைத் தளர்த்தி, உள்ளங்கையில் அது சும்மா கிடக்கும்படி விட்டு, கொஞ்சம் திருப்பிப் பார்ப்பார். அந்த நேரத்தில் யாராவது பேசினால் கையைக் காட்டி நிறுத்துவார். “மணலுன்னா கரகரங்கும். துணின்னா இழுத்தா கூடவே வரும். இது வுடாம புடிக்குது. வேருங்க.” பிளாச்சை வெளியே எடுத்து, நனைந்த நீளத்தைக் கையால் முழம் போட்டு அளப்பார். பிறகு தரையில் நடந்து, வேம்புக்கு இரண்டு எட்டு இந்தப் பக்கம் குதிகாலை ஊன்றி, “இங்கதான் சாமி. தோண்டி ரெண்டு குழாயை மாத்திட்டீங்கன்னா என்னைக் கூப்புட வேண்டியதே இல்லை” என்பார்.

தோண்டவில்லை. அவர் பேச்சைக் கேட்டுக் கொல்லையைப் பெயர்ப்பதா என்று பெரியவர்களுக்கு இருந்திருக்க வேண்டும். குத்தி விட்டுப் போனால் போதும் என்றார்கள். கூலியிலும் எட்டணா குறைத்துப் பேசினார்கள். அடுத்த மழைக்கும் அவரே வந்தார்.

தெருவில் அடைத்துக்கொண்டால் அவர் மேன்ஹோலில் இறங்குவார். முன்னதாகவே மூடியைத் திறந்து போட்டுக் காத்திருப்பார். அவருக்கு இருந்த பாதுகாப்பு அது ஒன்றுதான். சாக்கடையில் சேரும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு ஏறிவிட்டால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்கியவர்கள் திரும்பி ஏறாமல் போனது அப்படித்தான். அவர் இறங்கும்போது எங்களை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

சென்ற மாதம் அதே சேம்பரின் மூடியைத் திறந்து கேமரா விட்டோம். இரண்டு இளைஞர்கள் வந்தார்கள், முன்வாசல் வழியாக. உருளையில் சுற்றிய ஃபைபர் கம்பியின் நுனியில் கட்டைவிரல் பருமனுக்குக் கேமரா, அதைச் சுற்றிப் பொடி விளக்குகள். கலங்கிய நீருக்குள் கேமராவுக்குக் கண் தெரியாது என்பதால் முதலில் அடைப்பை ஓரளவு விலக்கி, நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். திரையில் பழுப்பு வளையங்கள் ஒவ்வொன்றாக எதிரே வந்து விலகின. ஒவ்வொரு வளையமும் ஓர் இணைப்பு. திரையின் மூலையில் தூரம் ஓடிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டாவது அடியில் மேற்கூரையிலிருந்து மயிர்க்கற்றை மாதிரி வேர் தொங்கியது. அதில் சோற்றுப் பருக்கையும் நைந்த நூலும் சிக்கி, நுனியில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டியதும் பாதித் திரை தண்ணீரில் மூழ்கியது. “குழாய் தொய்ஞ்சிருக்கு சார். தண்ணி ஓடாம இங்கியே நிக்குது.”

கேமரா தலைக்குள் ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர் இருக்கிறது. 512 ஹெர்ட்ஸில் அது விடும் அலையைப் பிடிக்கும் கருவியோடு இன்னொரு பையன் மேலே நடந்தான். ஒலி உச்சத்துக்குப் போன இடத்தில் சாக்கட்டியால் பெருக்கல் குறி போட்டான். வேம்புக்கு இரண்டு எட்டு இந்தப் பக்கம்.

நான் அந்தக் குறியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பையன்கள் கெட்டிக்காரர்கள், அவர்கள் கேட்ட தொகையை மனமாரக் கொடுத்தேன். வீடியோ, தூரம், ஆழம் எல்லாம் போட்டு ரிப்போர்ட் கொடுத்தார்கள். இதே ரிப்போர்ட்டை வெறும் கையால் படித்து, வாயால் சொன்ன ஒருவருக்குத்தான் எட்டணாவைக் குறைத்தோம். சென்னையின் குடிநீருக்கும் வடிகாலுக்கும் திட்டம் வகுத்த பொறியாளர் மேட்லியின் பெயரில் தி.நகரில் சாலை இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். அவர் போட்டுக் கொடுத்த அமைப்பை அடைக்காமல் ஓடவைத்த கைகளுக்குப் படிப்பு இல்லை என்று நாம் எப்படி நினைத்தோம்?

சாக்கடைக்குள் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023-இல் அதை முப்பது லட்சமாக்கியது. இவ்வளவுக்குப் பிறகும் சாவுச் செய்தி நிற்கவில்லை. அரசாங்கம் மட்டும் ஆளை இறக்குவதில்லை, வீட்டுக்காரர்களும் இறக்குகிறோம்.

கேமரா போன மறுநாள் எதிர் வீட்டில் அடைப்பு. “ஒரு ஆள் இருக்கான், டக்குனு எறங்கி எடுத்துடுவான், ஆயிரத்து ஐந்நூறுதான்” என்றார் வீட்டுக்காரர். கூடாது என்றேன். சட்டத்தைச் சொன்னேன். “யார் சார் பாக்கப் போறா?” என்றார். “நான் பாக்கறேன்” என்று அவர் வீட்டு வாசலிலேயே நின்றேன். எங்களுக்குள் வார்த்தை தடித்தது. கடைசியில் குடிநீர் வாரியத்துக்குப் போன் செய்தார். ஜெட் ராடிங் வண்டி மறுநாள் வந்து, தெருவில் நின்றபடியே குழாயை அடித்து விட்டுப் போனது. அவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

எங்கள் கொல்லையில் சாக்கட்டிக் குறி போட்ட இடத்தைத் தோண்டியாயிற்று. மூன்று துண்டை எடுத்துவிட்டு பி.வி.சி. போடுகிறார்கள்.